இறக்கை கோணிய தேனீயும் ‘ரத்தக் கலப்பு’ வியாபாரமும்

கேள்வி: எனக்குப் பென்னாகரம் பக்கம். மாந்தோப்பில் 12 நியூட்டன் பெட்டிகள் (சின்ன மரத் தேனீப் பெட்டிகள்) வைத்திருக்கிறேன், எல்லாம் நாட்டுத் தேனீ. ஐப்பசியில் பிரித்து வைத்த கூட்டங்கள், மார்கழி வரை ஒரு குறையும் இல்லை. தை கடைசியிலிருந்து நான்கு பெட்டிகளின் வாசலில் இளம் தேனீக்கள் பறக்க முடியாமல் நடந்து போகின்றன. சிலவற்றுக்கு ஒரு பக்க இறக்கை முழுதாக இருக்கிறது, மறுபக்கம் சுருங்கிக் கிடக்கிறது. பெட்டி கொடுத்தவர் வந்து பார்த்துவிட்டு, “காட்டுத் தேனீயோட ரத்தம் கலந்துடுச்சுங்கண்ணா, அதான் ரெண்டு பக்கமும் ஒண்ணா வரல. இதையெல்லாம் கொளுத்திட்டு நம்ம ஹைப்ரிட் வைங்க, இத்தாலியனும் நாட்டுத் தேனீயும் கிராஸ் பண்ணது” என்கிறார். 5,000 ரூபாய் முன்பணமும் கொடுத்துவிட்டேன். கலப்பால் இப்படி ஆகுமா? கூட்டத்தை மாற்றத்தான் வேண்டுமா?

பதில்: ஆகாது. மாற்ற வேண்டாம். எதையும் கொளுத்தாதீர்கள். முன்பணத்தை இன்றைக்கே திருப்பிக் கேளுங்கள், ஏனென்றால் அவர் விற்பதாகச் சொல்லும் பொருள் உலகத்திலேயே கிடையாது.

அதை முதலில் முடித்துவிடுகிறேன். ஐரோப்பாவிலிருந்து வந்த இத்தாலியன் தேனீயும் நம் நாட்டுத் தேனீயும் இரண்டு தனித்தனி இனங்கள். வெளியே பறக்கும்போது ஓர் இனத்து ராணியோடு மற்ற இனத்து ஆண் தேனீ சேர்வது உண்டு. ஆனால் அப்படிக் கருவுற்ற முட்டை புழுவாகப் பொரிவதற்குள்ளேயே செத்துவிடும். ஆய்வுக்கூடத்தில் செயற்கையாகக் கருவூட்டிப் பார்த்தும் அந்தக் கலப்பிலிருந்து உயிருள்ள வேலைக்காரத் தேனீ வந்ததில்லை. அப்புறம் இவர் மட்டும் எந்தத் தோட்டத்தில் கிராஸ் பண்ணினார்? ‘ஹைப்ரிட்’ என்று உங்கள் கைக்கு வரப்போவது ஒன்று சாதாரண இத்தாலியன் கூட்டம், இல்லையென்றால் உங்கள் ஊர் மரப்பொந்திலிருந்து பிடித்த அதே நாட்டுத் தேனீ. இரண்டாவதுதான் அதிகம் நடக்கிறது. பெட்டிக்குப் பெயின்ட் மட்டும் புதிது.

கண்டுபிடிக்க ஒரு பள்ளிக்கூட ஸ்கேல் போதும். வேலைக்காரத் தேனீ அறைகள் பத்தை ஒரே வரிசையில் அளந்து பாருங்கள். இத்தாலியன் என்றால் ஐந்து சென்டிமீட்டரைத் தாண்டும், நம் சமவெளி நாட்டுத் தேனீ என்றால் நாலரைக்குள் நின்றுவிடும். ஸ்கேலும் இல்லையா, வெயில் ஏறிய நேரத்தில் வாசலில் நின்று இறக்கை வீசும் தேனீக்களைக் கவனியுங்கள். நாட்டுத் தேனீ தலையை வெளியே நீட்டிக்கொண்டு காற்றை உள்ளே தள்ளும். இத்தாலியன் தலையை வாசல் பக்கம் வைத்துக்கொண்டு உள்ளே இருக்கும் காற்றை வெளியே இழுத்து விடும். இதில் யாரும் ஏமாற்ற முடியாது. ‘ஹைப்ரிட்’ எந்தப் பக்கம் திரும்பி நிற்கும் என்று அவரிடமே கேட்டுப் பாருங்கள்.

இப்போது உங்கள் கேள்வியின் நடுப்பகுதி: கலப்புக்கும் இடம்-வலம் ஒத்துப்போகாததற்கும் சம்பந்தம் உண்டா? உண்டு. ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாக அதை அளந்து வருகிறார்கள். ஆனால் அவர்கள் பேசுவது நீங்கள் வாசலில் பார்த்ததைப் பற்றி அல்ல.

ஒரு தேனீயின் இடது இறக்கையையும் வலது இறக்கையையும் உருவாக்குவது ஒரே மரபணுத் தொகுப்பு. ஒரே தையல்காரர் ஒரே அளவுக்கு வெட்டிய இரண்டு சட்டைக் கைகள் மாதிரி, வித்தியாசம் வந்தால் அது அளவில் இல்லை, வேலை நடந்தபோது ஏற்பட்ட சின்னச் சின்னத் தடங்கலில் இருக்கிறது. அதனால் இரண்டு பக்கமும் எவ்வளவு ஒத்திருக்கின்றன என்று பார்த்தால், அந்தப் பூச்சி வளர்ந்த காலத்தில் எவ்வளவு நிதானமாக வளர்ந்தது என்று ஓரளவு ஊகிக்கலாம். சூடு, குளிர், பசி, விஷம், நோய், நெருங்கிய உறவில் இனப்பெருக்கம் எதுவும் அந்த நிதானத்தைக் குலைக்கலாம். கலப்பு குலைக்குமா, கூட்டுமா என்பதில்தான் விவாதம். ஒரு கட்சி, இரண்டு வழி ரத்தம் சேர்ந்தால் உடம்பு இன்னும் உறுதியாகும், இரண்டு பக்கமும் இன்னும் ஒத்து வரும் என்கிறது. இன்னொரு கட்சி, தலைமுறை தலைமுறையாக ஒன்றுக்கொன்று பழகிய மரபணுக்களைப் பிரித்து விட்டால் ஒத்திசைவு கெடும் என்கிறது. இரண்டுக்கும் சான்று இருக்கிறது. டென்மார்க்கில் இரண்டு வகை வீட்டெலிகள் சந்திக்கும் எல்லையில் பிறந்த கலப்பு எலிகளின் கடைவாய்ப் பற்களை அளந்தபோது, இடம்-வலம் வித்தியாசம் குறைந்தே இருந்தது.

இதெல்லாம் நுண்ணோக்கியின் கீழ் வைத்து, இறக்கை நரம்புகள் சந்திக்கும் புள்ளிகளைக் கணினியில் குறித்து எடுக்கும் அளவுகள். எட்டு மில்லிமீட்டருக்கு உட்பட்ட இறக்கையில் ஒரு மில்லிமீட்டரின் நூறில் சில பங்குதான் பேச்சு. வாசலில் குனிந்து நிற்கும் மனிதனின் கண்ணுக்கு அது தெரியாது. கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஓர் இறக்கை சுருண்டு கிடக்கிறது என்றால், அது ஊனம். நோயோ விபத்தோ காரணம். ரத்தம் அல்ல.

தேனீக்களில் இயற்கைக் கலப்புக்கு இதைவிடப் பெரிய உதாரணம் கிடைக்காது: 1956இல் வார்விக் கெர் என்ற விஞ்ஞானி ஆப்பிரிக்கத் தேனீ ராணிகளைப் பிரேசிலுக்குக் கொண்டுபோனார். அடுத்த ஆண்டே 26 கூட்டங்கள் தப்பிப் பறந்துவிட்டன. அங்கே ஏற்கெனவே இருந்த ஐரோப்பியத் தேனீக்களோடு அவை கலந்தன, பெருகின, ஊர் ஊராக வடக்கே நகர்ந்தன, 1990இல் அமெரிக்காவின் டெக்சாசுக்கே போய்ச் சேர்ந்தன. அந்தக் கலப்புத் தேனீக்களின் இறக்கைகளிலும் இடம்-வலம் வித்தியாசத்தை அளந்திருக்கிறார்கள். அளக்கட்டும். கலப்பால் இறக்கை கோணிப்போகும் என்றால் அவை ஒரு கண்டத்தையே தாண்டியிருக்குமா?

கலப்பு உண்மையிலேயே சமச்சீரைக் கெடுத்த ஒரு வழக்கு உண்டு. வியாபாரி யாராவது அதைத் தூக்கிக்கொண்டு வருவதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். ஆஸ்திரேலியாவில் ஆட்டு ஈ என்று ஒன்று. அதன் புழு உயிரோடு இருக்கும் ஆட்டின் தோலையே தின்னும். அதைக் கொல்ல டையசினான் என்ற பூச்சிமருந்து அடித்தார்கள். கொஞ்ச காலத்தில் மருந்துக்கு அடங்காத ஈக்கள் வந்தன. அவற்றின் உடம்பில் இருக்கும் முள்மயிர்களை இடப்பக்கம் வலப்பக்கம் எண்ணினால் கணக்கு ஒத்து வரவில்லை. மருந்தைத் தாங்கும் மரபணு வளர்ச்சியைக் கொஞ்சம் தடுமாற வைத்திருந்தது. பிறகு அந்த ஈக் கூட்டத்துக்குள்ளேயே இன்னொரு மரபணு பரவி அந்தத் தடுமாற்றத்தைச் சரிசெய்தது, இரண்டு பக்கமும் பழையபடி ஒத்துப்போயின. 1980களில் ஆய்வாளர்கள் அந்த ஈக்களை மருந்தே படாத ஈக்களோடு பல தலைமுறை சேர்த்தார்கள். சரிசெய்யும் மரபணு விலகிப் போனது, தாங்கும் மரபணு மட்டும் தங்கியது, முள்மயிர்க் கணக்கு மறுபடி தப்பியது. ஆக, ஒன்றையொன்று தாங்கிப் பிடித்திருந்த இரண்டு மரபணுக்களைக் கலப்பு பிரித்தது. வாதத்துக்கு இது போதும்.

ஆனால் மூன்று விஷயத்தைப் பாருங்கள். வித்தியாசம் தெரிந்தது முள்மயிர் எண்ணிக்கையில், அந்த ஈக்கள் நன்றாகவே பறந்தன. அது ஒரே சேர்க்கையில் வரவில்லை, தலைமுறைகள் ஆயின. எல்லாவற்றையும் விட, அங்கே கலந்த இரண்டு கூட்டமும் வேறு வேறு வாழ்க்கை வாழ்ந்தவை. உங்கள் பெட்டித் தேனீயும் பொந்துத் தேனீயும் எப்போது பிரிந்திருந்தன, இப்போது கலப்பதற்கு? பெட்டியில் இருப்பதே போன வருஷமோ அதற்கு முந்தின வருஷமோ ஒரு புளியமரப் பொந்திலிருந்து எடுத்ததுதான். ராணி வெளியே பறந்து போய்த்தான் சேரும், அதுவும் பத்துக்கு மேற்பட்ட ஆண் தேனீக்களோடு. அதில் காட்டு ஆண் எது, பெட்டி ஆண் எது என்று யார் எழுதி வைத்தார்கள்? நாட்டுத் தேனீயிலேயே மலைப்பக்கக் கறுப்பு வகையும் சமவெளி மஞ்சள் வகையும் கலந்தாலும் உங்களுக்கு இதே பதில்தான். ஒகேனக்கல் பாறைகளில் தொங்கும் மலைத் தேனீ வேறு இனம், அதன் ஆண்கள் பொழுது சாய்ந்த பிறகுதான் கிளம்பும். அதோடு கலப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை.

சொல்லப்போனால் காட்டு ரத்தம் உங்களுக்கு வேண்டும். ஒரே கூட்டத்தைப் பிரித்துப் பிரித்து ஒரு தோப்புக்கே விற்பார்கள், எல்லா ராணியும் அக்கா தங்கச்சி. அவை அதே தோப்பின் ஆண்களோடேயே சேர்ந்தால் ஆணா பெண்ணா என்று தீர்மானிக்கும் மரபணு இரண்டும் ஒரே மாதிரி அமைந்துவிடும். பெண்ணாக வரவேண்டிய முட்டை ஆணாகிவிடும், வேலைக்காரத் தேனீக்கள் அந்தப் புழுக்களைத் தின்றுவிடும். அடை முழுக்கப் புழு இருக்க வேண்டிய இடத்தில் சொட்டை சொட்டையாகக் காலி அறைகள் தெரியும். கூட்டம் பெருகாமல் தேங்கிப்போகும். ஆக ரத்தப் பிரச்சினை என்று ஒன்று உங்கள் தோப்புக்கு வந்தால் அது காட்டிலிருந்து வராது, இந்த வியாபாரியின் லாரியிலிருந்துதான் இறங்கும். 1991–92இல் புழுக்களைக் கொல்லும் ‘தாய்’ (தாய்லாந்து) பை நோய் வைரஸ் தென்னிந்தியாவில் நாட்டுத் தேனீப் பெட்டிகளைக் கூண்டோடு காலி செய்தபோது, திரும்ப வளர்த்தெடுக்கக் கை கொடுத்ததும் தப்பிப் பிழைத்த கூட்டங்கள்தான்.

சரி, உங்கள் நான்கு பெட்டிக்கு என்னதான் ஆயிற்று? நீங்கள் எழுதியதிலேயே பாதி விடை இருக்கிறது. ஐப்பசியிலிருந்து அதே ராணி, மார்கழி வரை குறை இல்லை. ராணி பிறந்த புதிதில் சில நாள் பறந்து சேர்ந்துவிட்டு வந்தால் அந்த விந்தை ஆயுசுக்கும் உடம்பில் சேமித்து வைத்திருக்கும். தப்பான ரத்தம் என்றால் முதல் மாதமே கோணல் தெரிந்திருக்க வேண்டும். தை மாதம் பார்த்து ரத்தம் மாறாது.

இன்னொரு சோதனை, இதைத் தேனீ வளர்ப்போர் அவ்வளவாகப் பயன்படுத்துவதில்லை. ஆண் தேனீக்கு அப்பா கிடையாது. ராணி கருவுறாமல் இடும் முட்டையிலிருந்து வருவதுதான் ஆண். உங்கள் ராணி யாரோடு சேர்ந்திருந்தாலும் அதன் ஆண் பிள்ளைகளில் அந்தக் கலப்பு ஒரு துளி கூட வராது. அதனால் ஆண் அடையைத் திறந்து பாருங்கள். நாட்டுத் தேனீயின் ஆண் அறை மூடியில் நடுவில் குண்டூசித் துளை மாதிரி ஒன்று இருக்கும், எளிதில் அடையாளம் தெரியும். ஆண்களின் இறக்கையும் சுருங்கியிருந்தால் கலப்புக் கதை அங்கேயே முடிந்தது. ஆண்கள் நன்றாக இருந்தால் மட்டும் கலப்பு நிரூபணமாகிவிடும் என்று அர்த்தமில்லை, அதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

தை மாதத்தில் மாந்தோப்பில் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். பூ எடுக்கும், தத்துப்பூச்சி வரும், பக்கத்துத் தோப்புக்காரர் மருந்து அடிப்பார். பெரும்பாலும் காலையில், தேனீக்கள் பூவில் இருக்கும் நேரம் பார்த்து. வெளியே போன வயதான தேனீக்கள் திரும்பி வராது. உள்ளே புழுவைப் போர்த்திக்கொண்டிருந்த இளம் தேனீக்கள் வேறு வழியில்லாமல் வெளியே கிளம்பும். அடையை மூடிச் சூடு காக்க ஆள் குறைந்துவிடும். புழு அறை 33லிருந்து 35 டிகிரிக்குள் இருக்க வேண்டும். கூட்டுப்புழுப் பருவத்தில் சில டிகிரி இறங்கினாலே வெளிவரும் தேனீயின் இறக்கை சுருங்கும், விரியாது, ஒரு பக்கம் மட்டும் கெடுவதும் உண்டு. நம் பக்கத்துத் தை மாத ராத்திரிக் குளிர் அதற்குத் தாராளமாகப் போதும். மூடிய புழு அடையின் நடுவை விட ஓரத்தில் பிறந்தவையே அதிகம் கோணியிருந்தால் குளிர்தான் என்று கிட்டத்தட்ட முடிவு கட்டலாம்.

முட்டையிலிருந்து வேலைக்காரத் தேனீ வெளிவரச் சுமார் மூன்று வாரம் ஆகும். அதனால் இப்போதே செய்ய வேண்டியதைச் செய்து மூன்று, நான்கு வாரம் பொறுத்துப் பாருங்கள். தேனீ போர்த்தாத காலிச் சட்டங்களை வெளியே எடுத்துவிடுங்கள், இருக்கும் தேனீ இருக்கும் அடையை மூடுகிற அளவுக்குக் கூட்டைச் சுருக்குங்கள். எடுத்த சட்டத்தைப் பெட்டி மேலேயே போட்டு வைத்தால் மெழுகுப்பூச்சி வந்துவிடும், கவனம். பெட்டி இடுக்குகளை அடைத்து வாசலைச் சிறிதாக்குங்கள். சர்க்கரையும் தண்ணீரும் சம அளவில் கரைத்த பாகை மாலையில் மட்டும், உள்ளேயே வையுங்கள். பகலில் வெளியே வைத்தால் பக்கத்துப் பெட்டிகள் கொள்ளையடிக்க வந்துவிடும். மருந்து அடிக்கும் தோப்புக்காரரோடு பேசுங்கள், சாயங்காலம் அடித்தாலே பாதிச் சேதம் குறையும். மூன்று நாள் முன்னால் சொன்னால் பெட்டியை நகர்த்தலாம். அண்ணன் தம்பியாகப் பேசினால் நடக்கிற காரியம்தான், சட்டம் பேசினால் நடக்காது.

புதிதாக வரும் தேனீக்கள் நேராக வந்தால் விஷயம் முடிந்தது. ஒரு மாதத்துக்கு மேலும் கோணல் தொடர்ந்தால் உண்ணியையும் வைரசையும் சந்தேகிக்க வேண்டும். வரோவா உண்ணி நாட்டுத் தேனீயில் ஆண் புழு அறைகளில்தான் பெரும்பாலும் பெருகும், வேலைக்காரத் தேனீக்கள் அதைச் சமாளித்துவிடும். அந்த உண்ணி முதலில் நாட்டுத் தேனீயுடையதுதான், அங்கிருந்துதான் இத்தாலியனுக்குத் தாவியது. இத்தாலியன் கூட்டத்தில் அது வேலைக்காரப் புழுக்களையும் விடாது. கூடவே இறக்கைச் சுருக்க வைரசையும் ஏற்றிவிடும். வயிறு குட்டையாகி, இறக்கை கசங்கிய காகிதமாகப் பிறக்கும் தேனீக்களை அங்கேதான் அதிகம் பார்க்கலாம். மலைத் தேனீயிடமிருந்து வரும் இன்னொரு உண்ணியும் இத்தாலியனைத்தான் தேடிப் பிடிக்கும், அதுவும் இதே கோணலை உண்டாக்கும். ஒகேனக்கல் உங்களுக்கு எவ்வளவு பக்கம்? கோணல் இறக்கைக்கு மருந்து என்று இத்தாலியனை வாங்கி வைப்பதில் இருக்கும் வேடிக்கை புரிகிறதல்லவா.

இத்தாலியனே கெட்டது என்று சொல்லவில்லை. சூரியகாந்திக்கும் பெரிய பண்ணைகளுக்கும் அதை வைத்துச் சம்பாதிக்கிறவர்கள் ஓசூர் பக்கம் இருக்கிறார்கள். பன்னிரண்டு பெட்டிக்காரருக்கு, நாட்டுத் தேனீ பக்கத்திலேயே இருக்கும்போது, அது தேவையில்லை.

வாசலில் நீங்கள் பார்த்தவற்றில் இன்னொரு சின்னக் குழப்பமும் இருக்கலாம். இறக்கை ஓரம் கிழிந்து நார் நாராக இருப்பவை கிழட்டுத் தேனீக்கள். ஒரு பக்கம் கூடவும் ஒரு பக்கம் குறையவும் தேய்ந்திருக்கும். வியாபாரி அதையும் எடுத்துக் காட்டி “பாருங்கண்ணா, எடது ஒண்ணு வலது ஒண்ணு” என்பார். உடம்பில் மென்மயிர் அடர்ந்து வெளிறி இருந்தால் இளசு, மயிர் உதிர்ந்து கருத்துப் பளபளவென்று இருந்தால் கிழடு. இளசில் கோணல் இருந்தால்தான் கணக்கில் சேருங்கள்.

இவ்வளவு தூரம் ஒரு விவசாயி வியாபாரியை நம்பி நிற்பதற்கு அவர் மட்டும் காரணமில்லை. நெல் விதைக்கு 1966இலேயே சட்டம் வந்தது, மூட்டையில் சீட்டு கட்டித்தான் விற்க வேண்டும், முளைப்பு எவ்வளவு என்று அச்சடித்திருக்க வேண்டும். நம் சந்தையில் கைமாறும் ராணித் தேனீயோடு எந்தத் தாயின் மகள், எப்போது பிறந்தது என்று ஒரு சீட்டு வந்து நான் பார்த்ததில்லை. மானியம் வந்தால் பெட்டியை எண்ணுவார்கள், போட்டோ எடுப்பார்கள், உள்ளே தேனீ இருக்கிறதா என்று மூடியைத் திறப்பவர் அபூர்வம். கொட்டிவிடும் என்று பயமாம். மார்ச் மாதக் கணக்கு முடிப்பதற்காக அவசரம் அவசரமாகப் பெட்டி கொடுத்த ஒரு திட்டத்தில், சித்திரை வெயிலில் பாதிப் பெட்டிகள் ஓடிப்போன கதையும் எனக்குத் தெரியும். ஓடிப்போனதற்குக் காரணமாகக் கோப்பில் எழுதியது என்ன தெரியுமா? ‘தட்பவெப்பம்’. அந்த இடைவெளியில்தான் ‘ஹைப்ரிட்’ வியாபாரம் வளர்கிறது.

முன்பணத்தைக் கேட்கும்போது சண்டை வேண்டாம். “நாட்டுத் தேனீக்கும் இத்தாலியனுக்கும் பிறந்தது என்று ஒரு வெள்ளைத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்க, மீதிப் பணத்தை உடனே தர்றேன்” என்று சொல்லுங்கள். எழுதித் தரமாட்டார். பணம் வராவிட்டால் அதற்குப் பதில் அவரிடம் காலிச் சட்டங்களும் தேனீக்கள் அடை கட்டத் தொடங்குவதற்கான நல்ல மெழுகுத் தாளும் வாங்கிக்கொள்ளுங்கள், சித்திரையில் புங்கம் பூக்கும்போதும் அதற்குப் பிறகு புளி பூக்கும்போதும் உதவும்.

ஒரு மாதம் கழித்தும் கோணல் நிற்கவில்லை என்றால் பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்துக்கோ பையூர் ஆராய்ச்சி நிலையத்துக்கோ மாதிரி கொண்டுபோங்கள். வாசலில் செத்துக் காய்ந்ததைப் பொறுக்கிக் கொண்டுபோய்ப் பயனில்லை. மூடிய புழு அறைகள் உள்ள அடையில் உள்ளங்கை அகலத் துண்டு, ஆண் அறையும் சேர்ந்தாற்போல, காகிதத்தில் சுற்றி. பாலித்தீன் பையில் போட்டால் வியர்த்து அழுகிவிடும். உயிருள்ள தேனீக்கள் முப்பது நாற்பதை ஒரு தீப்பெட்டியில். எந்தப் பெட்டி, ராணி வைத்த மாதம், கடைசியாக மருந்து அடித்த தேதி, மருந்தின் பெயர் எல்லாம் ஒரு சீட்டில் எழுதி உடன் வையுங்கள். திங்கட்கிழமை காலையில் போங்கள், வெள்ளிக்கிழமை மதியம் போனால் மாதிரி மேசை மேலேயே இரண்டு நாள் கிடக்கும்.